இரண்டு அடித்தால் இருபத்திரண்டு

ஜூன் 1, செவ்வாய்

கேட்காமல் கொள்ளாமல் என் கீபோர்டை மாற்றிவிட்டார்கள். காலையில் போய் உட்கார்ந்தால் முதல் கவுண்ட்டரில் கன்னங்கரேலென்று புதுசு ஒன்று படுத்திருக்கிறது. பழையதில் எழுத்தெல்லாம் அழிந்துபோயிற்றாம். அழிந்தால் என்ன? ரயில்வே ரிசர்வேஷனில் தலை நரைத்தவளுக்கு எந்தக் கட்டை எங்கே இருக்கிறது என்று எழுதியா காட்ட வேண்டும்?

பழையதற்கும் கோளாறு இல்லாமல் இல்லை. ஸ்பேஸ் பாரை இடது ஓரத்தில் தட்டினால் கேட்காது, வலது ஓரத்தில்தான் தட்ட வேண்டும். ஏழாம் எண் மழைக்காலத்தில் மக்கர் பண்ணும். மெயில் வண்டி உள்ளே வரும்போது டெர்மினலின் ஸ்கிரீன் ஒரு தரம் சிலிர்த்துக்கொள்ளும். அது அடங்குகிற வரை என்டரில் கை வைக்கக் கூடாது. அந்த டெர்மினலோடு நான் குடித்தனமே நடத்தியிருக்கிறேன். இந்தக் கீபோர்டு அதற்கு வாய்த்த இரண்டாம் தாரம்.

வந்த அன்றே வேலையைக் காட்டிவிட்டது. ஒரு பையனுக்கு வயது 6 என்று அடித்தேன், டிக்கெட்டில் 66 என்று விழுந்தது. அவன் அப்பா ஜன்னல் வழியாகச் சிரிக்கிறார். "மேடம், இவன் எங்க தாத்தாவா?" க்யூ மொத்தமும் சிரித்தது. டிக்கெட்டைக் கேன்சல் செய்து மறுபடி அடித்தேன். பக்கத்துக் கவுண்ட்டர் பெனிட்டா, "விடுங்கக்கா, புதுசுல்லா, பழகணும்" என்றாள். தூத்துக்குடிக்காரி. வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

தட்கல் நேரத்தில் முதல் கவுண்ட்டரில் யார் உட்காருவது என்றால், வேகமாக அடிக்கிறவர்தான். அது மங்கையர்க்கரசி என்று எங்கள் ஸ்டேஷன் தூணுக்கும் தெரியும். ஒரு கீபோர்டு வந்து என்னை அங்கிருந்து எழுப்ப நான் விடப்போவதில்லை.

ஜூன் 3, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. இன்றைக்கும் எழுத்து இரட்டை இரட்டையாக விழுந்தது. கீபோர்டுக்குச் சனி பிடித்திருக்கிறது.

ஜூன் 7, திங்கள்

விடாமல் சொல்லிச் சொல்லி மெக்கானிக்கை வரவழைத்தேன். ஹரிகிருஷ்ணன் என்று பெயர். டெர்மினல் பராமரிக்கிற கான்ட்ராக்ட் கம்பெனியின் ஆள், மதுரையிலிருந்து வருகிறார். கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினார், ஊதினார், வயரைக் கழற்றி மாட்டினார். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து கடகடவென்று ஒரு பக்கம் அடித்துக் காட்டினார். ஒரு எழுத்துகூட இரட்டிக்கவில்லை.

"நல்லாத்தான் மேடம் இருக்கு."

"ஒங்களுக்கு நல்லாயிருக்கும் தம்பி. ஆளப் பாத்து வேல செய்யிது."

சிரித்துவிட்டு 'ஓகே' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் முதல் டிக்கெட்டிலேயே 'சண்முகம்' என்பதில் இரண்டு எஸ்.

தையல்காரரை மாற்ற வேண்டும். புது ஜாக்கெட்டில் ஹூக்கை இவ்வளவு சின்னதாக வைத்தால் மனுஷி எப்படி மாட்டுவது? காலையில் அதற்கே நேரம் போய்விடுகிறது. இந்த வருஷ டைரியும் சரியில்லை. கோடுகளை நெருக்கிப் போட்டிருக்கிறார்கள், எழுத்து தானாகக் குறுகிப் போகிறது.

ஜூன் 10, வியாழன்

தட்கல் இன்று பரவாயில்லை. எட்டு மணிக்குத் திறக்கும் என்றால் நான் முன்னாடியே க்யூவின் முதல் ஆள் விவரத்தை அடித்துவிட்டு, என்டருக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஸ்கிரீனில் மணி மாறியதும் தட்ட வேண்டும். ஒரு மூச்சு முந்தினாலும் டெர்மினல் திருப்பி அனுப்பிவிடும், ஒரு மூச்சு பிந்தினால் சீட்டைச் சென்னைக்காரன் கொண்டுபோய்விடுவான். இன்றைக்கு முதல் மூன்று பேருக்குக் கிடைத்தது. முன்பெல்லாம் ஐந்து பேருக்குக் கிடைக்கும்.

கூட்டம் அடங்கிய பிறகு ஒரு அம்மாள் வந்தாள். பேச்சியம்மாள், கயத்தாறுப் பக்கம். ஜூலை 2 சாயங்கால வண்டிக்குச் சென்னைக்கு ஒரு சீட்டு. மகன் சென்னையில் ஏதோ பயிற்சியில் இருக்கிறானாம், மூன்றாம் தேதி மத்தியானம் சவுதிக்கு விமானம் ஏறுகிறானாம். "மவன் எழும்பூர்ல வந்து நிப்பான்மா. இந்த வண்டிய விட்டா அவன் மூஞ்சிய எப்போ பாக்கவோ தெரியாது" என்றாள். அந்தத் தேதிக்கு வெயிட்டிங்தான் வரும் என்று நினைத்தேன். லோயர் பெர்த்தே விழுந்தது. அதிர்ஷ்டக்காரி.

டிக்கெட்டைக் கொடுக்கும்போது நான் எப்போதும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கிழிப்பேன். வண்டி, தேதி, பெட்டி, படுக்கை. படிக்கத் தெரியாதவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகப் போவார்கள். க்யூவில் நிற்கிறவர்கள்கூட, "அந்த அம்மா வாசிச்சிட்டா தப்பு வராது" என்பார்கள். பேச்சியம்மாளுக்கும் வாசித்தேன். ஜூலை ரெண்டு, வெள்ளிக்கிழமை, சாயங்காலம். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வரும் வழியில் முருங்கைக்காய், தேங்காய்.

ஜூன் 13, ஞாயிறு

சாயங்காலம் இவரோடு நடந்துவிட்டு வந்தேன். பெரிய பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆனாரே தவிர, நடக்கிறவர்களைப் பார்த்தால் வாய் சும்மா இராது. தெப்பக்குளம் திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டார்.

"ஏட்டி மங்கை, நில்லு. திரும்ப நடந்து காட்டு."

"ரோட்டுலயா? ஒங்களுக்கென்ன பைத்தியமா?"

"நீ நடக்கும்போது இடது கை ஆடுது, வலது கை ஆடமாட்டேங்கு. ஒட்ட வச்ச மாதிரி நிக்கி."

"பைய அந்தக் கையிலதான வச்சிருக்கேன்."

"பை எங்கிட்டல்லா இருக்கு."

பார்த்தேன். பை அவரிடம்தான் இருந்தது. என்றைக்கோ பையை அந்தப் பக்கம் மாட்டி மாட்டிப் பழகிப்போயிருக்கும். குடியரசு தின அணிவகுப்புக்கு நான் ஒன்றும் போகப்போவதில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. இந்த மனுஷனோடு நடக்கப் போனதே தப்பு.

ஜூன் 16, புதன்

ஒரு யோசனை செய்தேன். பெனிட்டாவின் கீபோர்டை எனக்கு வாங்கிக்கொண்டு என்னுடையதை அவளுக்குக் கொடுத்தேன். "தாராளமா எடுத்துக்கிடுங்கக்கா" என்று அவளே மாட்டிக் கொடுத்தாள். பாவம், அந்தச் சனியன் இப்போது அவள் தலையில்.

ஜூன் 17, வியாழன்

பெனிட்டாவுக்கு ஒரு எழுத்துகூட இரட்டிக்கவில்லை. அவள் பூப்போலத் தட்டுகிறாள், அதனால்தான். நான் டைப்ரைட்டரில் படித்தவள், எனக்குக் கை கனம். அவளுடைய கீபோர்டு என் கைக்கு ஆகவில்லை. கோளாறு டெர்மினலிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அதையும் மாற்றச் சொல்ல வேண்டும்.

ஜூன் 22, செவ்வாய்

பால் அடிப்பிடித்துப் பாத்திரம் கருகும் வரை நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேனாம். இவர் தெருவிலிருந்து ஓடி வந்தார். "மேலத்தெரு வரைக்கும் வாடை வருது, ஒனக்கு வரலியா?" எனக்கு ஜலதோஷம் என்றேன். மூக்கு அடைக்கவில்லை, இருந்தாலும் உள்ளே ஜலதோஷம் இருக்கக் கூடாதா?

மூன்று பெயருக்கு மேல் இருக்கிற டிக்கெட் வந்தால் பெனிட்டா, "எங்கிட்ட அனுப்புங்கக்கா, எனக்கு இங்க ஆளே இல்ல" என்கிறாள். அவள் ஜன்னலிலும் கூட்டம் நிற்பது எனக்குக் கண் தெரியாமலா இருக்கிறது?

ஜூன் 28, திங்கள்

எனக்கு இன்று எதிலும் மனம் நிற்கவில்லை. எட்டு மணிக்கு என்டரைத் தட்டினேன், தட்டியது தட்டியபடியே விரல் எழும்பவில்லை. ஒரு நொடிதான். அதற்குள் என்டர் மேல் என்டராகப் போய், ஸ்கிரீன் எங்கேயோ ஓடிவிட்டது. திரும்பக் கொண்டுவந்து அடிப்பதற்குள் வெயிட்டிங் நூறைத் தாண்டிவிட்டது. முதல் ஆள் கத்தின கத்தலில் சூப்பர்வைசர் கபூர் சார் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

உள்ளே கூப்பிட்டு மெதுவாகத்தான் பேசினார். "மேடம், இந்த மாசம் கேன்சல் பண்ணின டிக்கெட்டு ரொம்ப. டிவிசன்ல கேக்காங்க. கொஞ்ச நாளு பெனிட்டாவ முதல் கவுண்ட்டர்ல போடட்டுமா?"

"கீபோர்ட மாத்துங்க சார். ஆள மாத்தாதிய."

"சரி, சரி. இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துன்னா எங்கையில ஒண்ணுமில்ல, பாத்துக்கிடுங்க."

வெளியே வந்ததும் பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கேட்டு வாங்கியிருப்பாளோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் நினைத்தேன். அவளை எரிச்சலோடு இரண்டு வார்த்தை பேசியும்விட்டேன்.

ஜூலை 2, வெள்ளி

பூசணிக்காய்க் கூட்டு. இவருக்குச் செருப்பு தைக்கக் கொடுத்தேன். கீபோர்டு வழக்கம்போல.

ஜூலை 5, திங்கள்

கூட்டம் குறைந்த நேரத்தில் பேச்சியம்மாள் வந்தாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. டிக்கெட்டை ஜன்னல் வழியாக நீட்டினாள். சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லை.

"நீங்கதானம்மா ரெண்டாந்தேதின்னு வாசிச்சிய?"

"ஆமா."

"டி.டி.ஆர். இருவத்திரெண்டாந்தேதிங்காரு."

வாங்கிப் பார்த்தேன். 22 என்றுதான் இருக்கிறது. தேதிக் கட்டத்தில் 2 என்று தட்டினால் போதும். நான் ஒரு தரம்தான் தட்டினேன்.

நடந்ததை அவளே சொன்னாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முறுக்கும் அதிரசமும் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு பெட்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் படுக்கைக்காரர் குடும்பத்தோடு வந்துவிட்டார். டி.டி.ஆர். பார்த்துவிட்டு இறக்கிவிட்டார். பின்னால் சாதாரணப் பெட்டிக்கு ஓடியிருக்கிறாள், படிக்கட்டில்கூட இடமில்லை. வண்டி போய்விட்டது.

"பஸ்ஸப் பிடிச்சாவது போயிருக்கலாமேம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"மெட்ராஸ்ல எறங்கி எங்க போவணும்னு எனக்குத் தெரியாதும்மா. ரயிலுன்னா மவன் வந்து நிப்பான். வந்து நின்னுருக்கான். எல்லாரும் எறங்கிப் போனதுக்கப்புறமும் நின்னுருக்கான். மத்தியானம் போன் பண்ணினான், ஏன்மா வரலன்னு. அப்புறம் போயிட்டான்."

கேன்சல் செய்து தருகிறேன் என்றேன். முழுசாகத் திருப்பி வாங்கித் தருகிறேன், எழுதிக் கொடுக்கிறேன், என்னென்னவோ சொன்னேன். இருபத்திரண்டாம் தேதிக்கு வேண்டுமானால் இந்த டிக்கெட்டிலேயே போகலாம் என்றும் சொல்லிவிட்டேன். அவள் என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"இருவத்திரெண்டாந்தேதி போயி நான் யாரம்மா பாக்க?"

டிக்கெட்டை ஜன்னலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் வாசித்தேனே. வாசித்துத்தானே கொடுத்தேன். டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வாசித்தேன். அதைப் பார்த்து வாசித்தேனா? அவள் வாயால் சொன்ன தேதியைத்தான் திருப்பிச் சொன்னேனோ? எத்தனை வருஷமாக இப்படி வாசிக்கிறேன்? நாசமாய்ப் போகிற கீபோர்டு.

ஜூலை 6, செவ்வாய்

கபூர் சாருக்கு விஷயம் போய்விட்டது. டி.டி.ஆர். எழுதி அனுப்பியிருக்கிறார். பெரிய ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கபூர் சார் நல்ல மனுஷர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"மேடம், ஒங்க சர்வீஸ்ல ஒரு கறுப்புப் புள்ளி கெடையாது. கீபோர்டு கம்ப்ளெயின்ட்னு எழுதிடுதேன். நீங்கதான் போன மாசம் ஒண்ணாந்தேதியில இருந்தே சொல்லிக்கிட்டு இருக்கியள்லா. முடிஞ்சு போச்சு."

"அது உண்மைதான சார்?"

"உண்மதான்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

முதல் கவுண்ட்டர் என்னிடமே இருக்கிறது. புதிதாக இன்னொரு கீபோர்டும் வரும்.

ஜூலை 7, புதன்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 9, வெள்ளி

ஹரிகிருஷ்ணன் போன் செய்தார். ஆபீஸ் நம்பருக்கு இல்லை, என் செல்லுக்கு.

"மேடம், கோளாறான கீபோர்டுக்கு நான் ஓகே போட்டுட்டேன்னு கம்பெனியில மெமோ குடுத்திருக்காங்க. அந்தம்மா ரயில விட்டதுக்கு நான்தான் காரணம்னு எழுதியிருக்கு. வேலையவிட்டுத் தூக்கினாலும் தூக்கிருவாங்க. நான் பாத்தப்ப நல்லாத்தான இருந்துச்சு? நீங்க பக்கத்துலதான நின்னீங்க, நீங்களே சொல்லுங்க."

"நீங்க பாத்தப்ப நல்லாயிருந்துச்சு தம்பி. நீங்க போனப்புறம்தான்..."

"அப்ப அது எப்படி மேடம்?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் மெக்கானிக்கா? அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். கை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நடந்தேன். பார்த்தால் ஆட்டிவிடுகிறேன், அதனால் ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 11, ஞாயிறு

சமையலறை மேடையில் இரண்டு கையையும் வைத்துத் தாளம் போட்டுப் பார்த்தேன். இடது கை போகிறது. வலது கை முதலில் போகிறது, அப்புறம் சுருங்கிச் சுருங்கி, விரல் மேடையைவிட்டு எழும்பவே மாட்டேன் என்கிறது. கோபத்தில் ஓங்கித் தட்டினேன். எவர்சில்வர் தட்டு கீழே விழுந்து தெருவுக்கே கேட்டது.

இவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"நெல்லைக்குப் போவோம். நரம்பு டாக்டர் ஒருத்தர் இருக்காரு. புதன்கெழம டோக்கன் வாங்கிட்டேன்."

"யாரக் கேட்டு வாங்கினிய?"

"ஒன்னக் கேட்டா நீ ஜலதோஷம்ப."

அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். டாக்டர் என்றால் அவர்கள் ஏதாவது பெயர் சொல்வார்கள். பெயர் சொன்னால் மெடிக்கல் போர்டு. மெடிக்கல் போர்டு என்றால் கவுண்ட்டர் கிடையாது. எங்காவது மூலையில் ஒரு மேசையைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். இது இவருக்குப் புரியுமா? லெஃப்ட் ரைட் போட்டவருக்கு எல்லாம் லெஃப்ட் ரைட்தான். திட்டித் திட்டி எனக்கே மூச்சு வாங்கியது. அவர் கீழே கிடந்த தட்டை எடுத்துக் கழுவி வைத்தார்.

பயமாக இருக்கிறது.

ஜூலை 14, புதன்

டாக்டர் வெளியூர் போயிருந்தார், அவருக்குப் பதில் ஒரு பெண் டாக்டர். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னாள். வராந்தாவில் நடக்கச் சொன்னாள். ஒரு தாளில் என் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னாள். முதல் மங்கையர்க்கரசி பெரிதாக இருந்தாள், கடைசி மங்கையர்க்கரசி கடுகு மாதிரி இருந்தாள். வாசனை தெரிகிறதா என்று கேட்டாள். அதை எப்படிக் கேட்டாள் என்றுதான் புரியவில்லை, நான் பால் கருகியதைச் சொல்லவே இல்லை.

பெயர் சொன்னாள். இங்கே எழுத மாட்டேன்.

மாத்திரை போட்டால் பல வருஷம் நன்றாக நடமாடலாமாம், பயப்பட ஒன்றுமில்லையாம். "கம்ப்யூட்டர்ல வேல பாக்கிறவங்க நெறைய பேரு கீபோர்டு கெட்டுப் போச்சுன்னுதாம்மா மொதல்ல வருவாங்க" என்றாள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாக ஒரு ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் வரும்போது அவர் என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், விடுங்கள் என்றேன். விடவில்லை.

ஜூலை 15, வியாழன்

மாத்திரை. குமட்டல். லீவு.

ஜூலை 19, திங்கள்

இன்று வேலைக்குப் போனேன். கபூர் சாரிடமும் போனேன். நிறைய எழுத வேண்டும். கை இந்த வரியைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

ஜூலை 20, செவ்வாய்

எழுதுவது இவர், சொல்வது நான். பி.டி. மாஸ்டர் கையெழுத்து, ஒரு வரிக்கு மூன்று வார்த்தைதான் பிடிக்கிறது, டைரி இந்த மாதமே தீர்ந்துவிடும்போல. முன் பக்கங்களைப் புரட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

நேற்று தட்கலுக்கு நான்தான் உட்கார்ந்தேன். ஒரு தரமாவது உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று. புது கீபோர்டு வந்திருந்தது, அட்டைப் பெட்டியிலிருந்து அப்போதுதான் பிரித்தது. க்யூவின் முதல் ஆள் திருப்பூருக்குப் போகிறவர், பெயர் ராமையா. எட்டு மணிக்கு முன்னாடியே பெயரை அடித்தேன். ஏ என்ற எழுத்து மூன்று விழுந்தது. அழித்தேன். மறுபடி இரண்டு விழுந்தது. அழித்தேன். எட்டாகிவிட்டது. "அடிங்க மேடம், அடிங்க மேடம்" என்று அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார்.

எழுந்துவிட்டேன்.

"பெனிட்டா, இங்க வா. நீ அடி."

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். அதே கீபோர்டு, அதே டெர்மினல். ராமையா ஒரே அடியில் ராமையாவாகவே விழுந்தார். அவருக்கு வெயிட்டிங்தான் கிடைத்தது, அது என் கணக்கு. வேறு வண்டிக்கு நின்ற அடுத்த இருவருக்கு சீட் கிடைத்தது. அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தொட்டதும் எழும்பிவிடுகின்றன. தொடுவதைவிட எழும்புவதுதான் பெரிய வேலை என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

அப்புறம் கபூர் சார் அறைக்குப் போனேன். கீபோர்டு கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்குங்கள் என்றேன்.

"ஏன் மேடம்? அதுதான் முடிஞ்சு போச்சே. இப்போப் போயி..."

"கீபோர்டு நல்லாத்தான் சார் இருக்கு. எங்கைதான் ரிப்பேரு. ஒங்களுக்கும் தெரியும், எனக்காவப் பாத்திய."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மெடிக்கல் போர்டுக்கு எழுத வேண்டியிருக்கும் என்றார். எழுதுங்கள் என்றேன். கவுண்ட்டர் திரும்பக் கிடைக்காது என்றார். தெரியும் என்றேன். அந்த மெக்கானிக் பையன் வேலைக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் நிற்கும்போதே கம்பெனிக்குப் போன் போட்டார்.

ஹரிகிருஷ்ணனுக்கு நானே பேசினேன். "நீங்க ஓகே போட்டது சரிதான் தம்பி. எங்கைதான் கோளாறு" என்றேன். "மேடம், ஒங்க ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டார். மெமோவைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். உடம்பைத்தான் முதலில் கேட்டார்.

பார்க்கின்சன். எழுதிவிட்டீர்களா? சரி.

பெனிட்டாவிடம் அன்றைக்கு எரிந்து விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "நான் ஒரு மாசமா ஒங்க டிக்கெட்டெல்லாம் எட்டிப் பாத்துக்கிட்டுத்தான்க்கா இருந்தேன். அந்த அம்மாவோடது அதுக்கு முன்னாடி போயிட்டு" என்று சொல்லி அழுதாள். நான் அவளைத் தேற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை கயத்தாறு போகிறோம். பேச்சியம்மாள் வீட்டைக் கண்டுபிடித்து நேரில் சொல்ல வேண்டும். கீபோர்டு இல்லை, நான்தான் என்று. அவள் மகன் இரண்டு வருஷம் கழித்துத்தான் வருவானாம். நான் போய்ச் சொல்வதால் அவன் ஒரு நாள் முன்னாடி வரப்போவதில்லை. இருந்தாலும் போகிறோம். இவரும் வருகிறேன் என்கிறார்.

கீபோர்டில் ஒரு கோளாறும் இல்லை.

இதைத் தனி வரியாக எழுதச் சொன்னேன். டைரிதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்கிறார். நான் பார்ப்பேன், எழுதுங்கள்.

'நாற்காலி போனதில் எனக்கு வருத்தமே இல்லை' என்று கடைசியாக எழுதச் சொல்கிறாள். எழுத மாட்டேன். அழுதுகொண்டே சொல்கிறாள்.